மடிக்கணினிப் பெட்டியில் இன்னும் ஒரு வரி அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் பழைய மடிக்கணினிகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, ஆகவே பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே நல்லது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. ரேமை, அதாவது வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, கூட்டினாலே பழைய லேப்டாப் ஓடக்கூடும்; கூட்ட முடியுமா என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

நான் கும்பகோணத்தில் டிடிபி வேலை பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தாலுகா அலுவலகத்துக்குப் போகிற மனு, எதுவானாலும் அடித்துக் கொடுப்பேன். கடையில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. வீட்டுக்கு வேலையை எடுத்துப் போவதற்கு, என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த பத்து அங்குல லேப்டாப். அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போய் வேறு வாங்கிக்கொண்டாள். இது என்னிடம் வந்துவிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாநில அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கிக் கொடுக்கப்பட்டவை சுமார் 50 லட்சம். அவற்றில் எத்தனை இன்று பீரோ மேல் தூசியோடு கிடக்கின்றன என்பதை உங்கள் வாசகர்கள் அவரவர் வீட்டிலேயே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

என்னுடையதில் இருந்தது 2 ஜிபி ரேம். அதிலும் படம் காட்டும் வேலைக்கென்று ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் நமக்கு விடும். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பத்திரிகை ஒன்று, பக்கத்தில் வாட்ஸ்அப் வெப், அப்புறம் பார்ட்டி அனுப்பிய பிடிஎஃப் ஒன்று. இந்த மூன்றையும் திறந்தால் போதும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது. காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ரேமில் இடம் தீர்ந்ததும் கம்ப்யூட்டர் மீதியை ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்து, வேண்டும்போது எடுத்துப் படிக்கிறது. சுற்றுகிற ஹார்டு டிஸ்க் ரேமை விடப் பல மடங்கு மெதுவானது. நாம் அதை 'ஹேங் ஆகிறது' என்கிறோம். அது பாவம், ஓயாமல் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறது.

ஒரு சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைப் பெயர் வேண்டாம். திறந்துகூடப் பார்க்காமல், "இது ஓல்டு பீஸ்க்கா, போர்டு வீக்கா இருக்கும், புதுசா ஒண்ணு பாருங்க" என்றார் தம்பி. பக்கத்து அலமாரியில் புதியவை அடுக்கி வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். கட்டுரையாளர் எழுதாமல் விட்டது இந்த இடத்தைத்தான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லேப்டாப்பைத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி திரையிலேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. வேலை செய்துகொண்டிருக்கும்போது அங்கே தொண்ணூறு சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேம் பாதிதான் நிறைந்திருக்கிறது, டிஸ்க் மட்டும் நூறு சதவீதம் காட்டுகிறது என்றால் ரேமில் காசைப் போடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுற்றுகிற பாகம் இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுவதுதான் அதற்கு வழி. மெமரி பக்கத்தின் கீழே ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிறைந்திருக்கிறது என்றும் இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் 'சோடிம்' என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய துண்டு. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சாலிடர் வைத்து ஒட்டியது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் டிமிடிகோட் (dmidecode) கட்டளை கொடுத்தால், அந்தப் போர்டு எத்தனை ஜிபி வரை தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

என்னுடையதில் ஒரே ஒரு ஸ்லாட். அப்படியென்றால் இருப்பதோடு இன்னொன்றைச் சேர்க்க முடியாது; பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்ட வேண்டும். உள்ளே இருப்பது 2014 வாக்கில் வந்த இன்டெல் செலரான் பிராசஸர், என்28 வரிசை. அது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேமைத்தான் ஏற்கும். 1.5 வோல்ட்டில் ஓடும் சாதாரண டிடிஆர்3 துண்டும் அச்சு அசல் அதே போல இருக்கும், அதே ஸ்லாட்டில் போய் உட்காரவும் செய்யும், ஆனால் லேப்டாப் எழுந்திருக்காது. கடைக்காரர் 'டிடிஆர் த்ரீ தானே, போடுங்க' என்று நீட்டும்போது ஸ்டிக்கரில் 'பிசி3எல்' என்று எல் எழுத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒற்றை எழுத்தில்தான் காசு இருக்கிறது. அடுத்துவரும் 12800 என்ற எண் வேகத்தைச் சொல்வது. உங்கள் லேப்டாப்பின் வேகம் அதைவிடக் குறைவாக இருந்தால் ரேம் தானே இறங்கி வந்து ஓடும், அதற்காகக் கவலை வேண்டாம். டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றை மற்றதில் மாட்டவே முடியாது. நம் ஊர் ஆட்கள் அமுக்கிப் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் அப்படிச் செய்தார்களோ என்னவோ.

விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதற்குக் கண் தெரியாது.

நான் 4 ஜிபி துண்டு ஒன்று வாங்கினேன். சென்னையில் இருக்கும் என் தம்பி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எடுத்து அனுப்பினான். கழற்றி எடுத்த பழைய சரக்கு, 600 ரூபாய். ஓடவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று பில்லின் பின்னால் எழுதி வாங்கச் சொல்லியிருந்தேன். பழைய ரேம் வாங்குவதில் தப்பில்லை. அதில் சுற்றுகிற பாகம், தேய்கிற பாகம் எதுவும் கிடையாது. நல்லது என்றால் பல வருடம் ஓடும்.

கழற்றுகிற வேலை, கேட்பதற்கு இருக்கிற பயத்தில் கால் பங்குகூடச் செய்வதில் இல்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு, திருப்பிப் போட்டேன். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சின்ன சைஸ், மண்டை தேயாதது வேண்டும். தேய்ந்ததை வைத்துத் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிப்போய் அப்புறம் ஜென்மத்துக்கும் கழற்ற முடியாது. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையானதின் இடத்தில் முறுக்கினால் மேல்பக்கப் பிளாஸ்டிக்கில் குத்தி வீங்கிவிடும். அதனால் உங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தை விரித்து, லேப்டாப்பின் அடிப்பாகத்தை ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து, எந்த ஸ்க்ரூவை எங்கே கழற்றினேனோ அந்த இடத்தில் செலோ டேப்பில் ஒட்டி வைத்தேன். சில மாடலில் ரப்பர் காலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், சிலதில் வாரண்டி ஸ்டிக்கருக்கு அடியில். மூடி வர மறுத்தால் பலம் காட்டக் கூடாது. எங்கோ ஒரு ஸ்க்ரூ பாக்கி என்று அர்த்தம். விளிம்பில் இருக்கும் கிளிப்புகளை விடுவிக்க, பழைய சிம் கார்டு வந்த பிளாஸ்டிக் அட்டை போதும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் முனை எல்லாம் வேண்டாம்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வெளியே எடுக்கிற பேட்டரி என்றால் மூடியைத் தொடும் முன்பே எடுத்துவிடலாம். உள்ளே பதித்தது என்றால் போர்டில் செருகியிருக்கும் அதன் சிறிய இணைப்பானை மெதுவாக இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் போய்விடும். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் சில்லைக் கெடுக்கும் என்பது உண்மை. பாலியஸ்டர் புடவையில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலை செய்யாதீர்கள்; பருத்தி நல்லது. தொடும் முன்பு ஏதாவது பெரிய இரும்புப் பொருளை, ஜன்னல் கம்பியையாவது, தொட்டுக்கொள்ளுங்கள்.

ரேமின் இரு பக்கமும் சின்னதாக இரண்டு உலோகக் கிளிப். இரண்டையும் வெளிப்பக்கமாக நகத்தால் தள்ளினால் துண்டு தானே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகி, தங்க நிறப் பற்கள் உள்ளே போகும் வரை தள்ளி, அப்புறம் கீழே அமுக்கினால் 'க்ளிக்' என்று கிளிப் பிடிக்கும். பற்கள் வெளியே அதிகம் தெரிகிறது என்றால் சரியாக உட்காரவில்லை. பழைய சரக்கு என்றால் மாட்டும் முன்பு பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுவது கடைக்காரர்கள் செய்வது. நானும் செய்தேன்.

மூடியை முழுதாக ஸ்க்ரூ போட்டு இறுக்கும் முன்பே பேட்டரியை மாட்டி ஆன் செய்து பார்ப்பது நல்லது. முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமை அளந்து பார்த்துக்கொள்கிறது. உடனே அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். 4 ஜிபி என்று காட்டிய பிறகு விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட விட்டு, நான் சாப்பிடப் போய்விட்டேன். பிழை எதுவும் வரவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ராக்கெட் ஆகிவிட்டது என்று சொன்னால் பொய். பிராசஸர் பழைய பிராசஸர்தான். பெரிய பிடிஎஃப்பை இன்னமும் யோசித்து யோசித்துத்தான் திறக்கிறது. ஆனால் பேஜ்மேக்கரும் பிரவுசரும் பிடிஎஃப்பும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன, மவுஸ் நகர்கிறது. அது போதும் எனக்கு. அதன் பிராசஸர் விண்டோஸ் 11-க்கு ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை, ஆகவே கட்டுரையாளர் சொன்ன ஆதரவுப் பிரச்சினை இருக்கத்தான் செய்கிறது. அதற்கு லினக்ஸில் கனம் குறைந்த வகையான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுவிட்டேன். அதற்குக் குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள். இணையத்துக்கு லினக்ஸ், பேஜ்மேக்கருக்கு மட்டும் நெட் இணைப்பு இல்லாத பழைய விண்டோஸ். அரசு லேப்டாப் வாங்கிய பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸையும் விண்டோஸையும் ஒரே பெட்டியில் பார்த்தவர்கள் அவர்கள்.

இதுவரை சொன்னது எல்லாம், மாட்டுவதற்கு ஒரு ஸ்லாட் இருந்ததால் நடந்தது. இப்போது நான் இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் வேலையைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு அக்கா தன் மகனின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மெல்லிசு, அழகு, 4 ஜிபி. பையன் கல்லூரியில் ப்ரோக்ராமிங் படிக்கிறான், திணறுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்: ரோ ஆஃப் சிப்ஸ். ஸ்லாட் கிடையாது. பத்து வருடம் பழைய, இலவசமாக வந்த என் லேப்டாப்பை 600 ரூபாயில் சரி செய்துகொண்டேன். காசு கொடுத்து வாங்கிய அவர்களுடையதை ஆறாயிரம் கொடுத்தாலும் செய்ய முடியாது. "விக்கும்போது ஏம்மா இதைச் சொல்லலை?" என்று அக்கா கேட்டார். பெட்டியை எடுத்து வரச் சொல்லி நாலு பக்கமும் படித்தோம். 4 ஜிபி என்று இருந்தது, என்ன வகை என்று இருந்தது. ஒட்டியதா, மாட்டியதா, மேலே கூட்ட முடியுமா, ஒரு வார்த்தை இல்லை.

நியாயமாகப் பேசினால், ஒட்டுவதற்கும் காரணம் உண்டு. எல்பிடிடிஆர் என்ற வகை ரேம் மின்சாரம் குறைவாக எடுக்கும், பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதை ஸ்லாட்டில் போடுவது இவ்வளவு காலம் முடியாமல் இருந்தது. எல்பிகேம்2 என்று கழற்றி மாட்டக்கூடிய வடிவம் 2024-ல்தான் விற்பனைக்கு வந்தது, அதுவும் விலை கூடிய ஒன்றிரண்டு மாடல்களில். இளைத்த உடம்பும் நீண்ட பேட்டரியும் வேண்டும் என்பவர்கள் ஒட்டிய ரேமை வாங்கட்டும். தெரிந்து வாங்கட்டும் என்பதுதான் என் வழக்கு. 16 ஜிபியை ஒட்டி விற்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சமே 4 ஜிபி. அந்த 4 ஜிபியை ஒட்டி, மேலே போக வழியையும் அடைத்து, அதைப் படிக்கிற பிள்ளைக்கு விற்பது என்ன கணக்கு?

பிரிட்ஜ் வாங்கப் போனால் நாம் முதலில் பார்ப்பது மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திர ஸ்டிக்கரை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நட்சத்திரத்தை எண்ணி விலை பேசுகிறார்கள். பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப், செல்போன், டிவி போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண்ணைக் காட்டியே விற்க வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். நம் நாட்டிலும் பேச்சு இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. 2024 செப்டம்பரில் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக இன்னொரு குழு; 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்துவிட்டார்கள். முதல் கட்டத்தில் செல்போனும் டேப்லெட்டும் என்கிறது அறிக்கை. லேப்டாப்பை அடுத்த கட்டத்துக்குத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வர நாளாகும் என்றால் அதற்குள் ஒரே ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள்: 'ரேம்: கூட்டலாம், ஸ்லாட் இத்தனை' அல்லது 'ரேம்: கூட்ட முடியாது'. பெட்டியின் வெளிப்பக்கம், விலை அச்சிடும் அதே அளவு எழுத்தில். நான் டிடிபி ஆள், அந்த வரிக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். சிக்கனமாக அடித்தால் இரண்டு அங்குலம்.

மாநில அரசுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இவ்வளவு பெரிய ஆர்டர் கொடுக்கிறவர்கள் டெண்டரில் எழுதினால் கம்பெனிகள் கேட்டுத்தான் ஆக வேண்டும். காலியாக ஒரு ஸ்லாட், கழற்றக்கூடிய மூடி, இந்த இரண்டையும் இனி ஒவ்வொரு கொள்முதலிலும் நிபந்தனையாக்க வேண்டும். படிப்பு முடிகிற வருடத்தில் அந்த மாணவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

'இப்போது குறைவாக வாங்கு, பிறகு கூட்டிக்கொள்' என்ற பழைய யோசனையும் இந்த வருடம் சிக்கலாகிவிட்டது. உலகத்தில் ரேம் சில்லில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான விலை கூடிய மெமரிக்கு அவர்கள் உற்பத்தியைத் திருப்பியதில் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை மளமளவென்று ஏறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தை மூடுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. என் தம்பி வாங்கிய விலையில் இன்று யாரும் கொடுப்பார்களா என்பது சந்தேகம். விலை ஏறுகிற காலத்தில், வீட்டில் கிடக்கிற இரண்டு ஓடாத லேப்டாப்பில் இருந்து ஒரு ஓடுகிற லேப்டாப் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். ஒட்டிய ரேமில் அதற்கும் வழி இல்லை. போர்டு போனால் நல்ல ரேமும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போகும்.

கடைசியாக உங்களுக்கே ஒரு கோரிக்கை. பண்டிகை சீசனில் உங்கள் பத்திரிகையில் முழுப்பக்க லேப்டாப் விளம்பரங்கள் வருகின்றன. தொழில்நுட்பப் பக்கத்தில் மதிப்புரைகளும் வருகின்றன. விளம்பரத்தில் நீங்கள் கைவைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மதிப்புரையில் முடியும். நிறம், எடை, கேமரா என்று எழுதுகிற இடத்தில், ரேம் ஒட்டியதா மாட்டியதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கும்பகோணம்.

பி.கு.: கழற்றிய 2 ஜிபி துண்டை வீசிவிடாதீர்கள். வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம், மாற்று ரேம் வந்த கறுப்பு அல்லது வெள்ளி நிறக் கவரிலேயே போட்டு வையுங்கள். பின்னால் லேப்டாப் ஆன் ஆகாமல் போனால், கோளாறு ரேமிலா வேறு எதிலா என்று கண்டுபிடிக்க, தெரிந்த நல்ல துண்டு ஒன்று கையில் இருப்பது பெரிய சௌகரியம்.